சோதனையும் சொல்லும்: ஒரு வரலாற்று நோக்கு

மென்பொருட் சோதனையின் வரலாறு ஒருவகையில் மொழியின் வரலாறுமாகும். ‘சோதனை’ என்னுஞ் சொல்லே எதைச் சோதிப்பதென நிரலாளரை மயக்கக் கண்ட டான் நோர்த், 2003ஆம் ஆண்டளவில் ‘நடத்தை’ என்னுஞ் சொல்லை முன்வைத்தார். ‘இந்நிலையில், இது நிகழின், இது விளையவேண்டும்’ என்னும் மூவுறுப்பு வாக்கியம் அதன்வழிப் பிறந்தது. 2008இல் அஸ்லாக் ஹெலசோய் ஆக்கிய கியூகம்பர் என்னுங் கருவி அவ்வாக்கியத்தையே இயங்கும் சோதனையாக்கிற்று.

கைத்தொலைபேசிச் செயலிகள் பெருகியபோது, ஐஓஎஸுக்கும் அன்ட்ரொயிட்டுக்கும் ஒரே சோதனையை இருமுறை எழுத நேர்ந்தது. 2011இல் டான் குவெல்லார் தொடங்கிய முயற்சி அப்பியமாக வளர்ந்து, இரு தளங்களையும் ஒரே நெறிமுறையால் இயக்கிற்று. கியூகம்பரோடு அதனை இணைத்தவிடத்து வாக்கியம் ஒன்றாய் நிற்க, திரைக்கூறுகளைக் கண்டறியும் நிரலே தளத்துக்கேற்ப வேறுபட்டது.

ஆயினும், அவ்வாக்கியம் பொத்தான்களின் பட்டியலாகச் சுருங்கின் பயனாளர்க்கு அந்நியமாகி வீண்சுமையாகும். கியூகம்பரின் திறவுச்சொற்கள் தமிழிலும் உள்ளன. கேட்போரும் ஆக்குவோரும் ஒரே மொழியிற் பேசுவதே இம்முறையின் உயிர்நிலை.