கல்லும் இரும்பும்: ஜொகூர் பாலம் உணர்த்தும் உண்மை

ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் வழியைத் தமிழ் மக்கள் 'பாலம்' என்றே வழங்கி வருகின்றனர். மலாய் மொழியில் அதற்குத் 'தம்பாக்' என்று பெயர். நீரில் கல்லும் மண்ணும் கொட்டி எழுப்பிய கரை என்பது அதன் பொருள். இவ்விரண்டில் மலாய்ச் சொல்லே உண்மைக்கு நெருங்கியது. பாலம் என்றால் தூண்கள் நிற்க வேண்டும்; தூண்களுக்கிடையே நீர் ஓட வேண்டும். ஜொகூர் நீரிணையின் குறுக்கே எழுப்பப்பட்டதோ 3,465 அடி நீளமும் 60 அடி அகலமும் கொண்ட ஒரு கற்கரை. பெயரில் உள்ள இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். எனினும், கடலின்மீது எதைக் கொண்டு கட்டுவது, கட்டியதை எவ்வாறு காப்பது என்ற கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் அளிக்கப்பட்ட விடை அந்தப் பெயருக்குள் அடங்கியிருக்கிறது.

கரை எழுந்த கதை

சிங்கப்பூர்த் தீவின் குறுக்கே 1903 ஆம் ஆண்டில் ரயில் ஓடத் தொடங்கியது. வடக்கிலிருந்து வந்த மலாயா ரயில் பாதை 1909 இல் ஜொகூர் பாருவை எட்டியது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே நீரிணை மட்டும் தடையாய் நின்றது. பயணிகள் படகேறிக் கடந்தனர்; சரக்குப் பெட்டிகள் மிதவைகளில் ஏற்றப்பட்டுக் கரை சேர்ந்தன. ரப்பரும் ஈயமும் பெருகப் பெருக, மிதவைகளால் ஈடு கொடுக்க இயலவில்லை.

நீரிணையின்மேல் பாலம் அமைக்கலாம் என்ற யோசனை எழுந்தது. ஆனால், மலாய்க் கூட்டு நாடுகளின் பொதுப்பணித் துறைத் தலைவராயிருந்த எயர் கென்னி என்பார் 1917 இல் வேறொரு திட்டத்தை முன்வைத்தார். கருங்கற்களைக் கடலில் கொட்டிக் கரையெழுப்பி, அதன்மேல் தண்டவாளமும் சாலையும் அமைக்கலாம் என்பதே அது. பூலாவ் ஊபினிலும் புக்கிட் தீமாவிலும் நல்ல கருங்கல் உண்டு. உலகப் போர் நடந்துகொண்டிருந்த அந்நாளில் இரும்போ கப்பலேறித் தொலைவிலிருந்து வர வேண்டும். அன்றியும், இரும்புப் பாலத்தை உப்புக் காற்றில் ஆண்டுதோறும் பேணுவதற்கு ஆகும் செலவு கற்கரைக்கு இராது. வரப்போகும் பராமரிப்புச் செலவையும் முன்கூட்டியே கணக்கிட்டுப் பொருளைத் தேர்ந்தது கவனிக்கத்தக்கது.

வேலை 1919 இல் தொடங்கியது. லண்டனைச் சேர்ந்த டோப்ஹாம், ஜோன்ஸ், ரெயில்டன் கம்பெனியார் ஒப்பந்தம் ஏற்றனர். 1920 ஏப்ரல் 24 ஆம் நாள் கவர்னர் சர் லாரன்ஸ் கில்லிமார்டும் ஜொகூர் சுல்தான் இப்ராஹிமும் முன்னிலை வகிக்க, முதற்கற்கள் சடங்கு முறையில் கடலில் இறக்கப்பட்டன. 1923 செப்டம்பர் 17 இல் சரக்கு ரயிலும், அக்டோபர் 1 இல் பயணிகள் ரயிலும் ஓடின. 1924 ஜூன் 28 இல் முறையான திறப்பு விழா நடைபெற்றது. ஆன செலவு ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் வெள்ளி.

கரை மூடியபின் படகுகள் எவ்வாறு கடக்கும்? அதற்காக ஜொகூர்ப் பக்கத்தில் 170 அடி நீளமும் 32 அடி அகலமும் உள்ள ஒரு மதகுக் கால்வாய் அமைக்கப்பட்டது. அதன்மேல் மின்விசையால் தூக்கப்படும் ஓர் இரும்புப் பாலமும் இருந்தது. முழுக் கற்கரையிலும் பாலம் என்ற பெயருக்கு உரியது அந்தச் சிறு பகுதி ஒன்றே.

பாம்பனில் இரும்பு

இதே காலத்தில், தமிழகத்தில் வேறொரு நீரிணைக்கு வேறொரு விடை காணப்பட்டது. மண்டபத்தையும் இராமேசுவரம் தீவையும் பிரிக்கும் பாம்பன் கடலில் 1914 பிப்ரவரி 24 இல் ரயில் பாலம் திறக்கப்பட்டது. இராமநாதபுரம் சீமையிலிருந்து மலாயாவுக்கு வந்து குடியேறிய குடும்பங்களுக்கு அது பழக்கமான பெயர். 6,776 அடி நீளமுள்ள அந்தப் பாலத்தில் 145 இரும்புக் கண்கள். நடுவில் கப்பலுக்கு வழிவிட இரு சிறகுகளாய் மேலெழும் ஷெர்சர் தூக்குப் பாலம். தொழிலாளர் கைநெம்புகோல்களைச் சுற்றியே அச்சிறகுகளைத் தூக்கினர். தனுஷ்கோடி வரை ரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் செல்ல அதுவே வழியாயிற்று.

கல்லைத் தேர்ந்த ஜொகூரும் இரும்பைத் தேர்ந்த பாம்பனும் பத்தாண்டு இடைவெளியில் பிறந்தவை. அவற்றுக்கு வந்த ஆபத்துகளும் பெற்ற காயங்களும் வெவ்வேறு.

போரும் புயலும்

1942 ஜனவரி 31 ஆம் நாள், பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் ஜொகூர்க் கரையைத் தகர்த்தனர். ஒரு வெடி மதகின் தூக்குப் பாலத்தை அழித்தது. மற்றொன்று கற்கரையில் ஏறத்தாழ 70 அடிப் பிளவை உண்டாக்கியது. கரைமேல் சென்ற நீர்க்குழாயும் அறுந்து, குனோங் பூலாயிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த தண்ணீர் நின்றது. ஆயினும் கடல் வற்றும் வேளையில் அந்தப் பிளவில் நீர் நான்கடி ஆழமே இருந்தது. ஜப்பானியர் அதன்மேல் உத்தரங்களை இட்டு விரைவில் வழி அமைத்துக்கொண்டனர். கற்குவியலில் ஓரிடம் சிதைந்தால் சேதம் அவ்விடத்தோடு நின்றுவிடுகிறது. அழிந்த தூக்குப் பாலமோ மீண்டும் எழவில்லை. போருக்குப் பின்னும் மதகு திறக்கப்படாமலே போயிற்று.

பாம்பனுக்கு வந்தது புயல். 1964 டிசம்பர் 22 ஆம் நாள் இரவு வீசிய சூறாவளி தனுஷ்கோடி நகரை அழித்தது. அந்நகரை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் வாரிக்கொண்டு போயிற்று. அதில் இருந்தோர் எவரும் பிழைக்கவில்லை. பாலத்தின் 126 கண்களின் இரும்பு உத்தரங்கள் கடலில் வீழ்ந்தன. நடுவிலிருந்த தூக்குப் பாலம் மட்டும் தப்பி நின்றது. சீரமைக்கும் பொறுப்பு 32 வயதே நிரம்பிய ஈ. ஸ்ரீதரன் என்ற எஞ்சினீயரிடம் ஒப்படைக்கப்பட்டது. புதிய உத்தரங்களுக்காகக் காத்திராமல், உள்ளூர் மீனவர் துணையோடு கடலடியில் கிடந்தவற்றைத் தேடி எடுத்து மீண்டும் பொருத்தினார். 46 நாட்களில் ரயில் ஓடிற்று.

கண்ணுக்குத் தெரியாத காயம்

வெடியும் புயலும் செய்த சேதம் எல்லார் கண்ணுக்கும் தெரியும். அதனினும் கொடியது தெரியாமல் வளரும் சேதம். 1967 டிசம்பர் 15 ஆம் நாள் அமெரிக்காவில் ஒஹாயோ ஆற்றின்மேல் இருந்த 'சில்வர் பிரிட்ஜ்' என்னும் தொங்கு பாலம் மாலை நேர வாகன நெரிசலோடு இடிந்து விழுந்தது. 46 பேர் மாண்டனர். ஆராய்ந்தபோது, பாலத்தைத் தாங்கிய சங்கிலியின் ஒரே ஓர் இரும்புப் பட்டையில், ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கே ஆழமான வெடிப்பு ஒன்று முறிவுக்குக் காரணமாயிருந்தது தெரிய வந்தது. பட்டையைக் கழற்றாமல் அவ்வெடிப்பைக் காணவும் முடியாது. அதன்பின்னரே அந்நாட்டில் பாலங்களைக் குறித்த கால இடைவெளியில் சோதிக்க வேண்டும் என்ற விதி நாடு முழுவதற்கும் பொதுவாயிற்று.

கழற்றாமல் நோயறிவது எப்படி? சந்தையில் மண்பானை வாங்கும் பெண்கள் அதைச் சுண்டிப் பார்ப்பது வழக்கம். நல்ல பானை கணீரென ஒலிக்கும். கீறல் விட்ட பானையின் ஒலி மங்கும். கீறல் கண்ணுக்குப் படாவிட்டாலும் காதுக்குப் படுகிறது. பாலத்துக்கும் இந்த நியாயம் பொருந்தும். ரயிலோ காற்றோ அதை அசைக்கும்போது ஒவ்வொரு பாலமும் தனக்கென உரிய வேகத்தில் அதிர்கிறது. எங்கேனும் வெடிப்போ துருவோ ஏற்பட்டு அதன் விறைப்புக் குறைந்தால், அதிர்வின் வேகமும் குறையும். அதிர்வை அளக்கும் கருவிகளையும், இரும்பு எவ்வளவு நீள்கிறது என்று அளக்கும் கருவிகளையும் பாலத்தில் பொருத்திவிட்டால், அல்லும் பகலும் பாலத்தைச் சுண்டிக் கேட்டுக்கொண்டிருப்பதற்கு ஒப்பாகும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சுவிட்சர்லாந்தில் 'இசட் 24' என்ற பழைய கான்கிரீட் பாலத்தை இடிக்கத் தீர்மானித்தபோது, ஆய்வாளர்கள் அதை ஓராண்டளவு கருவிகளால் கண்காணித்தனர். பின்னர் 1998 இல் வேண்டுமென்றே படிப்படியாகச் சேதப்படுத்தி, அதிர்வு எவ்வாறு மாறுகிறது என்று பார்த்தனர். சேதத்தால் மட்டுமன்றி வெயிலாலும் குளிராலும் அதிர்வு மாறியது. பனிக்காலத்தில் மேலிருந்த தார்த்தளம் உறைந்து இறுகியதால், பாலமே வலுப்பெற்றதைப் போலத் தோன்றியது. ஆகவே, பருவத்தால் வரும் மாற்றத்தையும் காயத்தால் வரும் மாற்றத்தையும் பிரித்தறிவதே இத்துறையின் முதற்பாடமாயிற்று. நாடி பிடிக்கும் வைத்தியர், வெயிலில் நடந்து வந்தவனுக்கும் காய்ச்சல்காரனுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும் அல்லவா?

மூப்பும் ஓய்வும்

இந்த அறிவு பாம்பனுக்கு முதுமையில் உதவியது. உலகிலேயே இரும்பு விரைந்து துருப்பிடிக்கும் இடங்களுள் ஒன்று அது. அங்கே காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடும் ஏற்பாடு இருந்தது. 2007 இல் அகலப் பாதையாக மாற்றப்பட்டபின் பழைய பாலம் முன்னினும் கனமான வண்டிகளைத் தாங்க வேண்டியதாயிற்று. 2018 டிசம்பரில் தூக்குப் பாலத்தின் இரும்பில் வெடிப்பு காணப்பட்டு, ரயில் போக்குவரத்து சில மாதங்கள் நிறுத்தப்பட்டது. பின்னர் சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்கள் பாலத்தில் உணர்கருவிகளைப் பொருத்தினர். 2022 டிசம்பரில் அக்கருவிகள் எச்சரிக்கை தந்தன; ரயில்கள் நிறுத்தப்பட்டன; பிறகு அப்பாலத்தில் பயணிகள் ரயில் ஓடவில்லை. 108 ஆண்டுகள் உழைத்த பாலம் ஒருவர் உயிரையும் வாங்காமல் ஓய்வு பெற்றதற்குக் காரணம், அதன் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்த கைகளே.

அதனருகே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 இல் திறக்கப்பட்டது. 72.5 மீட்டர் நீளமுள்ள அதன் தூக்குப் பகுதி செங்குத்தாக மேலெழுகிறது. துருவை எதிர்க்கும் கம்பிகளும் சிறப்புப் பூச்சும் அதில் பயன்பட்டுள்ளன. பழைய பாலம் கற்பித்த பாடத்தைப் புதிய பாலத்தின் இரும்பிலேயே காணலாம்.

கல்லுக்கும் உண்டு விலை

அப்படியாயின் கல்லைத் தேர்ந்த ஜொகூரே வென்றது எனலாமா? அவ்வாறு முடிவு கட்டிவிடலாகாது. கருங்கல் துருப்பிடிப்பதில்லை, ஆனால் கற்கரை நீரை விடுவதில்லை. கரை எழுந்தபின் நீரிணையின் கிழக்கும் மேற்கும் இரு குளங்களைப் போலப் பிரிந்தன. முன்பு ஏற்றவற்றத்தில் தடையின்றி ஓடிய நீர், கரையின் இரு பக்கமும் தேங்கிச் சேறும் கசடும் படிய நேர்ந்தது. மதகு மூடியபின் படகுகள் சிங்கப்பூர்த் தீவையே சுற்றிவர வேண்டியதாயிற்று. இரும்புப் பாலம் தன் நோயைத் தன் உடம்பிலேயே காட்டியது. கற்கரையின் நோயோ அதன் உடம்பில் தோன்றாமல் அடுத்துள்ள கடலில் தோன்றியது.

1998 ஜனவரி 2 இல் கேலாங் பாத்தாவுக்கும் துவாஸுக்கும் இடையே இரண்டாம் இணைப்பு திறக்கப்பட்டபோது, மீண்டும் கற்கரை எழுப்பப்படவில்லை. ஏறத்தாழ 1,920 மீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் தூண்கள் எழுந்தன. அவற்றின் கீழே நீரும் படகும் தடையின்றிச் செல்கின்றன. கான்கிரீட்டுக்கும் நோய் உண்டு. கடலுப்பு மெல்ல உள்ளே ஊடுருவிக் கம்பியைத் தொட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட மிகுதியாய் இடம் கொள்வதால், உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்துவிடும். வெளியே வெடிப்புத் தெரியும்போது உள்ளே நோய் முற்றியிருக்கும். ஆகவே, கம்பியின்மேல் கான்கிரீட் எத்தனை அங்குலம் மூடியுள்ளது, உப்பு எவ்வளவு ஆழம் இறங்கியுள்ளது என்று அவ்வப்போது சோதிக்க வேண்டியிருக்கிறது.

கல், இரும்பு, கான்கிரீட் ஆகிய மூன்றில் எதுவும் கவனிப்பாரின்றி வாழ்வதில்லை. எதைத் தேர்ந்தாலும் அதற்குரிய நோயையும் சேர்த்தே தேர்கிறோம். நாள்தோறும் பொழுது விடியுமுன் ஜொகூர் பாருவிலிருந்து பல்லாயிரம் தொழிலாளர் மோட்டார் சைக்கிளில் அக்கரையைக் கடந்து வேலைக்குச் செல்கின்றனர். தங்கள் சக்கரத்தின் கீழே எத்தகைய கல் இருக்கிறதென்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்கும் அவசியம் அவர்களுக்கு நேராதிருப்பதே நல்ல எஞ்சினீயர் வேலைக்கு அடையாளம். திறப்பு விழாவில் கவர்னர் பெயரும் சுல்தான் பெயரும் ஏட்டில் ஏறின. அதன்பின் ஒரு நூற்றாண்டாகக் கல் சரிந்த இடத்தை நிரப்பியவர்கள், துருவைச் சுரண்டியவர்கள், இரவில் கருவியின் எண்களைப் படித்தவர்கள் பெயர் எதுவும் ஏட்டில் இல்லை. பாலம் நிற்பதற்கு அவர்களும் காரணம் என்பதை மாணவர்களுக்குச் சொல்லி வைப்பது ஆசிரியர் கடமையாகும்.