அண்ணன் அடித்த ஐந்து பாட்டுகள்

1982 மே மாதம். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்திருந்தது. அறுபது நிமிடக் காலி கேசட் ஒன்று வாங்கிக்கொள்ள அப்பா காசு கொடுத்தார். பாட்டுப் பதிந்து தரும் கடைகளில் எந்நேரமும் ஆம்பளைக் கூட்டம். நான் போக முடியாது. கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்துப் பன்னிரண்டு பாட்டுகளை எழுதி அண்ணனிடம் கொடுத்தேன். கேசட் வந்தபோது என் பாட்டு ஏழுதான் இருந்தது. ஐந்தை அடித்துவிட்டுத் தனக்குப் பிடித்ததைப் பதிந்து வந்திருந்தான். அடித்த ஐந்திலும் பெண்குரல்தான் முன்னால் நிற்கும். "பொம்பளப் பிள்ளை லிஸ்ட்டுன்னு கடைக்காரன் சிரிக்கிறான்" என்றான்.

கையில் செல்போனும் அதற்குள் சொந்தப் பட்டியலும் வைத்திருக்கும் மாணவிகளுக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். எங்களுக்கு அப்படி இல்லை. தங்கம் தியேட்டருக்குப் போகத் துணை வேண்டும். திருவிழாக் குழாயில் எந்தப் பாட்டு என்பதை மைக்செட்காரர் முடிவு செய்வார். வானொலி மட்டும்தான் வீட்டுக்குள் வந்தது. அதிலும் திருகைத் தொடுவது அப்பாவும் அண்ணனும்தான். அவர்கள் வெளியே போன பகல் நேரம் எங்களுடையது. பக்கத்து வீட்டு சௌராஷ்டிர அக்காமார் திண்ணையில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார்கள். கைதான் கூலிக்கு ஓடும், காது அவர்களுடையது. இலங்கை வானொலியில் ராஜேஸ்வரி சண்முகம் பேசினால் திண்ணையே பேச்சை நிறுத்தும். ஒரு பெண் வேலையாகப் பேசுவதை, அதுவும் அவ்வளவு நல்ல தமிழில் பேசுவதை, நாங்கள் முதலில் கேட்டது அப்படித்தான்.

அடிபட்ட அந்த ஐந்தையும் கடைசி இடத்திலிருந்து எண்ணி வருகிறேன்.

ஐந்து: 'சிப்பி இருக்குது'. 'வறுமையின் நிறம் சிவப்பு', 1980. இசை எம்.எஸ்.விஸ்வநாதன், பாட்டு கண்ணதாசன். ஸ்ரீதேவி மெட்டைப் பாடுவார். கமல் அதற்கு வார்த்தை தேட வேண்டும். கேள்வி அவளுடையது, பதில் அவனுடையது. பெண் பார்க்க வந்தவர்கள் கேட்கக் கேட்கப் பதில் சொல்லியே பழகிய எங்களுக்கு அந்த விளையாட்டு எவ்வளவு ருசித்திருக்கும்!

நான்கு: 'என் வானிலே'. 'ஜானி', 1980. பாடியவர் ஜென்சி. கேரளத்திலிருந்து வந்து, சில ஆண்டுகளே தமிழில் பாடி, பள்ளியில் இசை ஆசிரியர் வேலை கிடைத்ததும் ஊர் திரும்பியவர். "இப்படிக் குரலை வைத்துக்கொண்டு போய்விட்டாரே" என்று ரசிகர்கள் இன்றும் அங்கலாய்க்கிறார்கள். மாதம் பிறந்தால் வரும் சம்பளம் ஒரு பெண்ணுக்கு என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. என் அம்மாவுக்குத் தெரியும். "கெட்டிக்காரி" என்றாள்.

மூன்று: 'மேகமே மேகமே'. 'பாலைவனச் சோலை', 1981. பாடியவர் வாணி ஜெயராம், இசை சங்கர் கணேஷ். வேலூரில் பிறந்த வாணி செய்தது ஜென்சி செய்ததற்கு நேர் எதிர். வங்கி வேலையை விட்டுவிட்டுப் பாட வந்தார். கணவர் துணை நின்றார். இரண்டு பேரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. எது சரியான முடிவு என்பதல்ல கேள்வி. முடிவெடுக்கும் நிலையில் எத்தனை பெண்கள் இருந்தார்கள் என்பதுதான். எங்கள் திண்ணையில் ஒருவரும் இல்லை.

இரண்டு: 'காற்றில் எந்தன் கீதம்'. இதுவும் 'ஜானி'தான், எஸ்.ஜானகியின் குரல். மகேந்திரன் படைத்த அர்ச்சனா தன் பாட்டால் சம்பாதிக்கிறவள். காதலையும் அவளேதான் முதலில் சொல்வாள். நடித்த ஸ்ரீதேவி சிவகாசிப் பக்கத்து மீனம்பட்டியில் 1963இல் பிறந்தவர். படம் வந்தபோது வயது 17. என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். அண்ணன் இந்தப் பாட்டைத்தான் இரண்டு கோடு போட்டு அடித்திருந்தான்.

ஒன்று: 'புத்தம் புதுக் காலை'. ஜானகியேதான். இசை இளையராஜா, பாட்டு கங்கை அமரன். 1981இல் 'அலைகள் ஓய்வதில்லை' இசைத்தட்டில் வந்தது, படத்தில் இல்லை. 2014இல்தான் 'மேகா' படத்துக்காக வேறொரு குரலில் திரைக்குப் போனது. அதுவரை அந்தப் பாட்டுக்கு முகமே கிடையாது. ஓடும் கதாநாயகி இல்லை, அவளைப் பார்த்து நிற்கும் கதாநாயகன் இல்லை, இடுப்பைத் தேடும் கேமரா இல்லை. விடிகாலையில் மகிழ்ச்சியாக இருக்கும் ஒரு பெண்ணின் குரல் மட்டும். வாசல் தெளிக்கிற நேரத்தில் கேட்டவள் தன் முகத்தையே அதில் வைத்துக்கொள்ளலாம். நான் வைத்துக்கொண்டேன்.

இவற்றை எழுதியவர்களும் மெட்டமைத்தவர்களும் ஆண்கள் என்பதை மறக்கவில்லை. 1968இல் 'குடியிருந்த கோயில்' படத்துக்கு ரோஷனாரா பேகம் எழுதியது போன்ற விதிவிலக்குகள் மிகக் குறைவு. பாடலாசிரியர் தாமரை வந்தது தொண்ணூறுகளின் கடைசியில்தான். எங்கள் ஆசையை யாரோ எழுதினார்கள். ஆனால் பாடியது ஒரு பெண்ணின் தொண்டை. முடிச்சுப் போட்டபடி உடன் முணுமுணுத்தது இன்னொரு பெண்ணின் தொண்டை. சினிமா வரலாறு எழுதியவர்கள் வெள்ளிவிழாக்களை எண்ணினார்கள். இந்த முணுமுணுப்பை யாரும் எண்ணவில்லை.

போன வருஷம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் பேத்தி போனை நீட்டி, "உங்களுக்குப் பிடிச்ச பாட்டு சொல்லுங்க அப்பத்தா, போடுறேன்" என்றாள். ஐந்தையும் சொன்னேன், வரிசை மாறாமல். அண்ணன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். முதல் பாட்டு முடிகிறபோது, "இது நல்ல பாட்டுதான்" என்றான். நாற்பது வருஷத்துக்கு முன்பே அது நல்ல பாட்டுதான் என்று சொன்னேன். இந்த முறை சத்தமாகச் சொன்னேன்.