ஓஆர்எம்: பொருள்–உறவுப் பொருத்தம்

நிரலில் பொருள்களாகவும் தரவுத்தளத்தில் அட்டவணைகளாகவும் இருக்கும் தரவை ஒன்றோடொன்று பொருத்தித் தரும் மென்பொருள் அடுக்கு இது. நிரலாளர்கள் ஓஆர்எம் என்றே சொல்வார்கள்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கூட்டுறவுச் சங்கத்துக்கு மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முசரவாக்கத்திலிருந்து ஒரு நெசவாளர் சேலையைக் கொண்டுவந்து கொடுக்கிறார். நிரலைப் பொறுத்தவரை அந்தச் சேலை ஒரே பொருள். உடல் நிறம், கரை, முந்தி, எடை, கூலி, நெய்தவர் எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. தரவுத்தளத்திலோ சேலை ஓர் அட்டவணையில் ஒரு வரி, நெசவாளர் வேறோர் அட்டவணையில் ஒரு வரி. இரண்டையும் இணைப்பது உறுப்பினர் எண் மட்டுமே. ஒவ்வொரு முறையும் பிரித்து எழுதுவதும் சேர்த்துப் படிப்பதும் சலிப்பான வேலை, பிழையும் எளிதில் நுழையும்.

இரு வடிவங்களும் தனித்தனியே பிறந்தவை. பொருள் என்ற கருத்து, நார்வேயில் டாலும் நைகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில் தோன்றியது. உறவுநிலை அட்டவணையை ஐபிஎம்மின் எட்கர் காட் 1970இல் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். கணிதக் கணக் கோட்பாட்டின் மேல் நின்ற அவரது மாதிரியில் பொருளுக்கு இடமே இல்லை. 1990களில்தான் இந்தப் பொருத்தம் தனித் தொழில்நுட்பமானது. நெக்ஸ்ட் நிறுவனத்தின் கருவியும், கனடாவில் ஸ்மால்டாக் மொழிக்காக உருவான டாப்லிங்க்கும் அதன் முன்னோடிகள்.

இதைப் பரவலாக்கியது ஹைபர்னேட் என்ற ஜாவா கருவி. அன்றைய ஜாவா என்டிட்டி பீன் முறையில் ஒரு பொருளைச் சேமிக்கவே பல இடைமுகக் கோப்புகளும் ஓர் எக்ஸ்எம்எல் விவரக் கோப்பும் வேண்டியிருந்தன. அந்தச் சுமைக்கு மாற்றாக கேவின் கிங் 2001இல் ஹைபர்னேட்டைத் தொடங்கினார். 2006இல் வந்த ஜேபிஏ என்ற ஜாவா தரம் பெரும்பாலும் அதன் பாதையிலேயே போனது. வலைத்தளம் கட்ட உதவும் ஃப்ரேம்வொர்க்குகளான ரூபி ஆன் ரெயில்ஸ் 2004இலும் ஜாங்கோ 2005இலும் ஓஆர்எம்மைத் தங்களோடு சேர்த்தே கொடுத்தன. என் கணிப்பில் மிகப் பெரிய திருப்பம் அதுதான்; தனியாகத் தேடிப் பிடித்துப் பொருத்த வேண்டியிருந்த ஒன்று முதல் நாளே கைக்கு வந்தது.

ஜாங்கோவில் அமைப்பது எளிது. அமைப்புக் கோப்பில் தரவுத்தளத்தின் வகை, பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைக் குறித்து, அட்டவணைகளுக்கு ஈடான மாடல் வகுப்புகளை எழுத வேண்டும். மேக்மைக்ரேஷன்ஸ் கட்டளை மாற்றங்களைக் கோப்பாக்கும், மைக்ரேட் அவற்றைத் தரவுத்தளத்தில் நிறைவேற்றும். இந்த வசதி 2014இல் வந்த 1.7 பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது.

சிக்கல் பிறகுதான் வரும். 50 நெசவாளர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் அவர் கொடுத்த சேலைகளைக் காட்டச் சொன்னால், பட்டியலுக்கு ஒன்றும் ஆளுக்கு ஒன்றுமாக 51 வினவல்கள் ஓடும். நிரலில் ஒரே ஒரு சுழற்சிதான் தெரியும். பிரீஃபெட்ச் ரிலேட்டட் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் வினவல்கள் இரண்டாகக் குறையும். சோதனைக்கு வைத்த ஐந்தாறு பேரோடு ஓட்டிப் பார்ப்பவருக்கு இத்தனை வினவல்களால் வரும் தாமதம் தெரியவே தெரியாது. ஓஆர்எம்மை வெறுப்பவர்கள் சொல்லும் குறைகளில் இதற்கே முதலிடம், அதில் நியாயமும் இருக்கிறது.

ஓஆர்எம்முக்கு இந்தியாவில் பிறந்த நல்ல எடுத்துக்காட்டு, மும்பையில் ருஷப் மேத்தா தொடங்கிய ஃப்ராப்பே. இஆர்பிநெக்ஸ்ட் என்ற வணிக மென்பொருள் இதன் மேல்தான் நிற்கிறது. இதில் மாடலை நிரலாக எழுத வேண்டியதில்லை. டாக்டைப் என்ற படிவத்தைத் திரையிலேயே வரையறுத்தால், 'டேப்' என்ற முன்னொட்டோடு அட்டவணை தானே உருவாகும். ஒரு பில்லில் உள்ள சரக்குகள் கிளை அட்டவணைக்குப் போகும். அங்கே ஒவ்வொரு வரியும் தன் தாய் ஆவணத்தின் பெயரையும், தான் எத்தனையாவது வரி என்பதையும் தனித்தனிப் பத்திகளில் சுமக்கும். எளிமையான ஏற்பாடு, தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும். ஓஆர்எம் கற்க விரும்புவோர் ஒரு டாக்டைப்பை உருவாக்கி, மரியாடிபி தரவுத்தளத்தில் அந்த அட்டவணையைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூலநிரலும் இலவசமாகவே கிடைக்கிறது.