மாற்று உணவுக்குழாயின் வரலாறு

விருந்தினரை வெற்றிலைத் தட்டுடன் வரவேற்பது திருகோணமலைத் துறைமுகப் பகுதியிலும் பழகிவந்த மரபு. அத்தட்டிலுள்ள பாக்கும் புகையிலையும் வாயில் மட்டுமன்றி, உணவுக்குழாயிலும் புற்றுநோயை விளைவிக்க வல்லவை என்பது இன்று உறுதிப்பட்ட உண்மையாகும். ஆதலின், அந்நோயை எதிர்த்துச் சத்திரசிகிச்சை வளர்ந்த வரலாறு இப்பகுதி மக்களும் அறியத்தக்கதே.

உணவுக்குழாய், நெஞ்சினுள் இருதயத்திற்குப் பின்னே இறங்குவது. 1913ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் பிரான்ஸ் டோரெக் என்பவர் நெஞ்சைத் திறந்து, நோயுற்ற பகுதியை வெட்டி நீக்கினார். அறுந்த வழியை உள்ளே இணைக்க அவரால் இயலவில்லை. கழுத்திலிருந்து இரைப்பைக்கு, உடலின் வெளிப்புறமாக ஓர் இரப்பர்க் குழாயைப் பொருத்தினார். அதன் வழியே உணவுகொண்டு அம்மூதாட்டி பல்லாண்டு வாழ்ந்தார்.

1933இல் ஜப்பானியரான ஒசாவா, இரைப்பையையே நெஞ்சுக்குள் உயர்த்தி, எஞ்சிய உணவுக்குழாயுடன் இணைத்த வெற்றிகளை வெளியிட்டார். 1946இல் வேல்ஸ் நாட்டவரான ஐவர் லூயிஸ், முதலில் வயிற்றையும் பின்னர் வலப்புற நெஞ்சையும் திறந்து செய்யும் முறையை வகுத்தார். அம்முறை இன்றும் வழங்குகிறது. உயர்த்தப்பட்ட இரைப்பை உயிர்த்திருப்பது, அதன் வெளிவளைவை ஒட்டி ஓடும் இரத்தக்குழாயினாலேயே.

இதற்கிடையே வேறொரு சிகிச்சை பிறந்தது. 1966இல் அமெரிக்காவின் ஐயோவாவில் எட்வர்ட் மேசன், உடற்பருமனைக் குறைக்கும் பொருட்டு, இரைப்பையின் மேற்பகுதியைப் பிரித்துச் சிறுகுடலுடன் இணைத்தார். பிற்காலத்தில், இரைப்பையின் வெளிவளைவையே வெட்டி அகற்றும் முறையும் பரவியது.

இவ்விரு வரலாறுகளும் ஒரே உடலில் சந்திக்கும்போதுதான் சிக்கல் எழுகின்றது. மேசன் வழிவந்த சிகிச்சையில் பிரிக்கப்பட்ட கீழ் இரைப்பை உள்ளேயே கிடப்பதால், அதனைப் பயன்படுத்தும் வாய்ப்புண்டு. வெளிவளைவை இழந்தவரிடமோ, மாற்றுக் குழாய்க்கு உயிரூட்டும் அவ்விரத்த ஓட்டம் பெரும்பாலும் துண்டிக்கப்பட்டிருக்கும். அந்நிலையில் பெருங்குடலையோ சிறுகுடலையோ நாடவேண்டும். சிகிச்சையும் கடினமாகும்.

ஆகவே, எடை குறைக்கும் சிகிச்சை பெற்றோர் அதன் குறிப்பேட்டைப் பேணி வைத்தல் வேண்டும். உணவு விழுங்குகையில் தடை தோன்றினால், அதனைப் பழைய சிகிச்சையின் விளைவென்று தள்ளிவிடாது, விரைந்து வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். முன்னவர் உடலுள் செய்ததை அறிந்த பின்னரே, பின்னவர் அங்கு புதுவழி அமைக்க இயலும்.