எமுலேட்டர்

லத்தீனில் 'ஏமுலாரி' என்றால் ஒருவருக்கு நிகராக வர முயல்வது, போட்டி போடுவது. அந்த வேரில் பிறந்த 'எமுலேட்டர்' கணினித் துறைக்குள் நுழைந்தது 1960களில், ஐபிஎம் நிறுவனத்தில். 1964இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360, பழைய 1401 கணினிக்கு எழுதிய நிரல்களையும் ஓட்ட வேண்டியிருந்தது. வாடிக்கையாளர்கள் அவற்றை மறுபடி எழுதாமலிருக்கப் புதிய இயந்திரம் பழையதைப் போலவே நடந்துகொண்டது.

இன்று இச்சொல்லை அதிகம் புழங்குபவர்களில் கைபேசிச் செயலி எழுதுபவர்களும் உண்டு. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் டிவைஸ் மேனேஜரில் போன் மாடலையும் ஆண்ட்ராய்டு பதிப்பையும் தேர்ந்தெடுத்தால் திரைக்குள் ஒரு போன் எழுந்து நிற்கும். இதன் அடித்தளம், ஃபப்ரீஸ் பெல்லார் தொடங்கிய கியூஎமு என்ற எமுலேட்டர். கணினியின் ப்ராசஸர் வகைக்குப் பொருந்தும் சிஸ்டம் இமேஜை எடுப்பது முக்கியம். இல்லாவிட்டால் ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்து ஓட்டுவதிலேயே வேகம் போய்விடும். பேட்டரியை 5 சதவீதத்துக்கு இறக்கலாம், அழைப்பு வரவைக்கலாம், இருந்த இடத்திலிருந்தே இருப்பிடத்தை டோக்கியோவாக்கலாம். ஒரே போன் வைத்திருக்கும் மாணவருக்கு இது எவ்வளவு பெரிய கொடை!

ஐபோன் செயலிகளைச் சோதிக்கும் தன் கருவியை ஆப்பிள் 'சிமுலேட்டர்' என்கிறது. சரியான பெயர்தான். அது ஐபோனின் வன்பொருளைப் போலச் செய்வதில்லை; செயலியை மேக்கின் ப்ராசஸருக்கே கம்பைல் செய்து ஓட்டுகிறது. அங்கே சரளமாக ஓடுவது நிஜ ஐபோனில் திணறக்கூடும்.