நீர்க்கடுப்புக்கு அதே பழைய மாத்திரையா? வாங்கும் முன் இதைப் படிங்க!

சாணார்பட்டியானாலும் சென்னையானாலும், நீர்க்கடுப்பு வந்தால் பலரும் முதலில் போய் நிற்பது மெடிக்கல் ஷாப்பில்தான். ஆனால் போன தடவை குணமாக்கிய மாத்திரை இந்த முறை வேலை செய்யாமல் போகலாம்.

சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம், குடலில் வாழும் இ.கோலை பாக்டீரியா. ஒரு காலத்தில் கைகண்ட மருந்தாக இருந்த சிப்ரோஃப்ளாக்சசினுக்கு இந்தியாவில் இந்தக் கிருமி பெரும்பாலும் மசிவதில்லை என்கின்றன ஐசிஎம்ஆர் அறிக்கைகள். ஆச்சரியம் என்னன்னா, 1950-களில் வந்த நைட்ரோஃபுரான்டாயின் இன்னும் நன்றாகவே வேலை செய்கிறது. ஒரே வேளை கரைத்துக் குடிக்கும் ஃபாஸ்ஃபோமைசின் பவுடரும் அப்படித்தான்.

இவை சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு மட்டும்தான். குளிர்காய்ச்சல், விலாப்பக்க முதுகுவலி, வாந்தி இருந்தால் தொற்று சிறுநீரகம் வரை போயிருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் பிரசவ நாள் நெருங்கிய கர்ப்பிணிகளுக்கும் நைட்ரோஃபுரான்டாயின் ஆகாது. எதுவானாலும் டாக்டர் சீட்டு கட்டாயம்.

யூரின் கல்ச்சர் எல்லோருக்கும் தேவைப்படாது. அடிக்கடி தொற்று வருபவர்கள், கர்ப்பிணிகள், ஆண்கள் மட்டும் முதல் மாத்திரை போடும் முன்பே சாம்பிள் கொடுத்துவிட வேண்டும். ரிசல்ட் வர 2, 3 நாள் ஆகும். அதில் மருந்தின் பெயருக்கு நேரே 'எஸ்' இருந்தால் கிருமி அதற்குக் கட்டுப்படும். 'ஆர்' என்றால் கட்டுப்படாது.

நைட்ரோஃபுரான்டாயின் சாப்பிடும்போது சிறுநீர் பழுப்பு நிறமாகப் போகலாம். பயந்து பாதியில் நிறுத்திவிடாதீங்க.