இருநூற்றிருபதில் ஓர் ஒலி

சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1992-இல் சவுண்ட் பிளாஸ்டர் 16 ஒலி அட்டையை வெளியிட்டது. அதன் ஜம்பர், நெல்மணி அளவு கறுப்புத் தொப்பி. நகத்தால் பிடுங்கி அடுத்த ஊசி ஜோடியில் செருகி, அட்டையின் முகவரியை 220-இல் நிறுத்துவேன். பிறகு டாஸ் இயங்குதளத்தின் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் ஒரு வரி: ஏ220 ஐ5 டி1 எச்5 டி6. ஓர் எண் பிசகினாலும் ஸ்பீக்கர் ஊமைதான்.

1999-இல் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் மென்பொருள் வந்தபோது, ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி முழுசாக ஓடியது. அந்த உள்கணினி வெறும் கோப்புகள்தான். தூக்கி வேறு டிஸ்கில் வைக்கலாம். வைத்துத் திறந்தால் விஎம்வேர் கேட்கும்: நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா? நகல் என்றால் நெட்வொர்க் கார்டுக்குப் புது முகவரி போடும். அவசரத்தில் தப்பாகச் சொல்லிவிட்டு, நெட்வொர்க் ஏன் வரவில்லை என்று ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறேன்.

அதே வேலையைச் செய்ய 2007-இல் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் என் மனதுக்கு நெருக்கமானது. அதன் ஒலி அட்டைப் பட்டியலில் சவுண்ட் பிளாஸ்டர் 16-ம் இருக்கிறது. அதைத் தேர்ந்து, உள்கணினியில் டாஸ் நிறுவி, அதே வரியைத் தட்டினேன்: ஏ220 ஐ5 டி1 எச்5 டி6. ஒலி வந்தது.